பழைய ஜப்பான் ஆம்ப்ளிஃபையரில் ஃபில்டர் கண்டன்சரை 22000 ஆக்கலாமா?

தறி வீடு, சோமனூர்:
வணக்கமுங்க. எங்கள் வீட்டில் 1970களில் செய்த ஜப்பான் இன்டகிரேட்டட் ஆம்ப்ளிஃபையர் ஒன்று இருக்கிறது. சித்தப்பா ரேடியோ செட் கடை வைத்திருந்த காலத்தில் வாங்கியது, நோம்பிக்கும் கல்யாணத்துக்கும் வாடகைக்குப் போகாமல் வீட்டிலேயே இருந்த ஒரே செட். இப்போது ஆன் செய்தால் இரண்டு ஸ்பீக்கரிலும் 'உம்ம்ம்' என்று உறுமல், வால்யூமைச் சுத்தமாகக் குறைத்தாலும் அதே அளவு. பகலில் பக்கத்து ஷெட்டில் தறி ஓடும்போது அவ்வளவாகத் தெரியாது, இரவு தறி நின்றதும் தாங்க முடியவில்லை.

உள்ளே பவர் சப்ளையின் டிசியைச் சீராக்கும் ஃபில்டர் கண்டன்சர் இரண்டு இருக்கின்றன, 6800 எம்எஃப்டி (மைக்ரோஃபாரட், சேமிப்பின் அளவு), 50 வோல்ட். அடியில் பழுப்பாக ஏதோ ஒழுகிக் காய்ந்திருக்கிறது. 22000 எம்எஃப்டி, 50 வோல்ட்டில் இரண்டு வாங்கி வைத்துவிட்டேன், மூன்று மடங்கு சேமிப்பு இருந்தால் உறுமலும் போகும், பேஸும் நன்றாக வரும் என்று நினைக்கிறேன். அப்படியே மாட்டிவிடலாமா? சால்டரிங் ஓரளவு வரும், மல்டிமீட்டர் இருக்கிறது.

ஈரோடு ரேடியோ செட்:
தம்பி, கொஞ்சம் பொறுங்கள், இன்னும் எதையும் கழற்ற வேண்டாம். வால்யூம் பூஜ்யத்திலும் உறுமல் குறையவில்லை என்றால் கோளாறு வால்யூமுக்கு அப்புறம் இருக்கிறது, அதாவது பவர் ஸ்டேஜ் அல்லது சப்ளை. இரண்டு சேனலிலும் ஒரே மாதிரி என்பதால் இரண்டுக்கும் பொதுவான சப்ளைதான் என்று கிட்டத்தட்ட சொல்லிவிடலாம். அதுவரை நீங்கள் நினைத்தது சரி.

ஆனால் அந்தக் கண்டன்சர் சின்னதாக இருப்பதால் உறுமவில்லை, செத்துப் போனதால் உறுமுகிறது. பாட்டு ஓடாதபோது இந்த மாதிரி செட் ஒரு ரெயிலுக்கு (பிளஸ், மைனஸ் என்று இருக்கும் சப்ளை லைனில் ஒன்றுக்கு) ஏறக்குறைய 150 மில்லி ஆம்பியர்தான் இழுக்கும். 50 ஹெர்ட்ஸ் கரண்டில் ஏசியை டிசியாக்கும் பிரிட்ஜ் ரெக்டிஃபையர் 10 மில்லி செகண்டுக்கு ஒரு தடவை கண்டன்சரை நிரப்புகிறது. அந்த இடைவெளியில் நல்ல 6800-ல் வோல்டேஜ் சுமார் 0.22 வோல்ட்தான் இறங்கும், அதை ஆம்ப்ளிஃபையர் தானே அடக்கிவிடும். காதில் விழுகிறது என்றால் 6800 இப்போது 6800 இல்லை.

அளந்து பாருங்கள். மீட்டரை ஏசியில் வைத்து கிரவுண்டுக்கும் பிளஸ் ரெயிலுக்கும் ஒரு தடவை, மைனஸ் ரெயிலுக்கும் ஒரு தடவை. விலை குறைந்த மீட்டர் ஏசி ரேஞ்சில் டிசியையும் சேர்த்துக் காட்டிவிடும், அதனால் ஒரு லீடில் 0.1 எம்எஃப்டி, 250 வோல்ட் பாலியெஸ்டர் கண்டன்சரை சீரிஸாக வைத்துக்கொள்ளுங்கள். 60, 70 மில்லி வோல்ட் காட்டினால் ஆரோக்கியம். அப்புறம் முக்கியமாக, வீட்டு பிளக்கில் என்ன வோல்டேஜ் வருகிறது என்று தறி ஓடும்போதும் இரவு 11 மணிக்கும் பார்த்துச் சொல்லுங்கள்.

அடியிலுள்ள பழுப்பு ஒழுகல் இல்லை. கண்டன்சர் ஆடாமலிருக்க ஃபேக்டரியில் வைத்த கோந்து அது, வயதானால் பழுப்பாகிப் பக்கத்திலுள்ள ஒயர் காலை எல்லாம் அரித்துவிடும். சுரண்டி எடுத்துவிடுங்கள்.

கோபி:
இவ்வளவு மெனக்கெடுவதற்கு அந்த டிரான்ஸ்ஃபார்மரைக் கழற்றிவிட்டு ஒரு எஸ்எம்பிஎஸ் (லேசான ஸ்விட்சிங் பவர் சப்ளை) போட்டால் எடையும் குறையும், உறுமலும் இருக்காதே?

பீளமேடு வைண்டிங்:
கோபி அண்ணா, அதில் பவர் ரெயில் மட்டுமா இருக்கிறது, டயல் விளக்குக்கு ஒரு சுற்று, ஸ்பீக்கர் ரிலேவுக்கு ஒரு சுற்று, டோன் போர்டுக்குத் தனியாக ஒன்று என்று எல்லாம் அந்த ஒரே டிரான்ஸ்ஃபார்மரில்தான். நாற்பது, ஐம்பது வருடம் எரியாமல் ஓடிய செம்பை எடுத்துப் போட எனக்கு மனசு வராது.

சோமனூர் தம்பிக்கு: மோட்டார் வைண்டிங் செய்கிறவன் என்பதால் கரண்டு பக்கத்திலிருந்து சொல்கிறேன். கண்டன்சர் பெரிதாகப் பெரிதாக அது நிரம்பும் நேரம் குறுகும், குறுகிய நேரத்தில் அதே கரண்டு வர வேண்டுமென்றால் ஒவ்வொரு துடிப்பும் உயரமாக இருக்கும், டிரான்ஸ்ஃபார்மர் கூடுதலாகச் சுடும், சில சமயம் அதுவே இரையும். ஆன் செய்யும் நொடியில் காலியான 44000 எம்எஃப்டி கிட்டத்தட்ட ஷார்ட் மாதிரிதான். 6800 இருந்த இடத்தில் 10000 போதும். பழைய பிரிட்ஜையும் அப்போதே மாற்றிவிடுங்கள், 35 ஆம்பியர், 1000 வோல்ட் உலோக உறைப் பிரிட்ஜ் சுலபமாகக் கிடைக்கும், அடியில் ஹீட்சிங்க் பேஸ்ட் தடவி சேஸியில் திருகிவிடலாம். டிரான்ஸ்ஃபார்மரில் லைன் கரண்டு வரும் பிரைமரியில் 10 ஓம் என்டிசி (ஆன் செய்யும்போது கரண்டை மட்டுப்படுத்தி, சூடானதும் விட்டுவிடும் ரெசிஸ்டர்) ஒன்று சீரிஸாகப் போட்டால் சுவிட்ச் காண்டாக்ட் கருகாது, ஆனால் அது சுடும், கண்டன்சர் பக்கத்தில் வைக்காதீர்கள்.

தறி வீடு, சோமனூர்:
அளந்தேன் அண்ணா. பிளஸ் ரெயிலில் 70 மில்லி, மைனஸ் ரெயிலில் 640 மில்லி! பிளக்கில் தறி ஓடும்போது 214, இரவு 11 மணிக்கு 249. அந்த நேரத்தில் ரெயில் 52 வோல்ட் காட்டியது, சர்வீஸ் மேனுவலில் 46 என்று போட்டிருக்கிறது. பின்பக்க வோல்டேஜ் செலக்டர் 220-ல் இருக்கிறது, 240-ம் இருக்கிறது.

ஈரோடு ரேடியோ செட்:
பார்த்தீர்களா, 50 வோல்ட் கண்டன்சருக்கு ராத்திரியெல்லாம் 52. மைனஸ் பக்கம் இப்போது பத்தில் ஒரு பங்குகூட மிச்சமில்லை. நீங்கள் வாங்கிய 22000-மும் 50 வோல்ட்தான், மாட்டியிருந்தால் அதுவும் அதே வழியில்தான் போயிருக்கும். நம் பக்கத்தில் பழைய செட்டுக்குப் பவர் சப்ளை வேலை பார்க்கிறவர்கள் எம்எஃப்டியைக் கேட்பதற்கு முன்னால் வோல்ட்டைக் கேட்க வேண்டும், தறியும் மோட்டாரும் நின்ற பிறகு லைன் எங்கே ஏறுகிறது என்று யாரும் பார்ப்பதில்லை.

செலக்டரை 240-க்கு மாற்றுங்கள். 249 வந்தாலும் ரெயில் 47.7-ஐத் தாண்டாது. பகலில் 214 வரும்போது 41-க்கு இறங்கும், சத்தத்தில் அந்த வித்தியாசம் ஒன்றரை டெசிபல்கூட இல்லை, கவலை வேண்டாம். கண்டன்சர் 63 வோல்ட், 105 டிகிரி. இடம் இருந்தால் 80 வோல்ட்.

பழசைக் கழற்றுமுன் 1 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரை ஒவ்வொன்றின் குறுக்கிலும் ஒரு நிமிஷம் பிடித்து, மீட்டரில் 1 வோல்ட்டுக்குக் கீழே வந்த பிறகு கை வையுங்கள். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்யும் பழக்கம் வேண்டவே வேண்டாம். புதுசு மாட்டியதும் முதல் ஆன் 100 வாட் குண்டு பல்பு சீரிஸ் லேம்பில்தான், அதாவது கரண்டு அந்தப் பல்பு வழியாகத்தான் செட்டுக்குப் போக வேண்டும். பல்பு பளிச்சென்று எரிந்து மங்க வேண்டும். மங்காமல் நின்றால் உடனே அணைத்துவிடுங்கள்.

தறி வீடு, சோமனூர்:
காந்திபுரத்தில் 10000 எம்எஃப்டி, 63 வோல்ட் கிடைத்தது, பிரிட்ஜும் மாற்றிவிட்டேன். பல்பு எரிந்து மங்கியது. பழைய 'உம்ம்ம்' போய்விட்டது. ஆனால் இப்போது 'ர்ர்ர்' என்று கூர்மையாக ஒரு சத்தம், மெதுவாகத்தான், ஸ்பீக்கரிலிருந்து இரண்டடி தள்ளி உட்கார்ந்தாலும் கேட்கிறது. ரெயிலில் ஏசி இரண்டு பக்கமும் 45 மில்லிதான். புதுக் கண்டன்சரின் கால் பழைய இடத்தில் உட்காரவில்லை, அதனால் சின்ன போர்டு ஒன்றில் மாட்டி ஒயர் இழுத்தேன். அதில் ஏதாவது தப்பா?

பொள்ளாச்சி வால்வு:
அந்த ஒயரில்தான் இருக்கிறது. பழைய செட்டில் இரண்டு கண்டன்சரையும் சேர்த்து ஒரு செம்புப் பட்டை இருந்திருக்குமே? டிரான்ஸ்ஃபார்மரின் சென்டர் டேப் ஒயர் (சுற்றின் நடுவிலிருந்து வரும் ஒயர்) எங்கே வந்து சேர்கிறது, ஸ்பீக்கர் கிரவுண்ட் எங்கிருந்து கிளம்புகிறது என்று சொல்லுங்கள்.

தறி வீடு, சோமனூர்:
பட்டையை எடுத்துவிட்டேன். சென்டர் டேப்பை ஒரு டேக்கில் சால்டர் செய்து, அங்கிருந்து மெல்லிய ஒயர் நான்கு அங்குலம் போய் கண்டன்சர் நடுவில் சேர்கிறது. ஸ்பீக்கர் கிரவுண்டும் போர்டு கிரவுண்டும் அந்த டேக்கிலிருந்தே போகின்றன.

பொள்ளாச்சி வால்வு:
அதேதான். கண்டன்சர் நிரம்பும் துடிப்பு முழுக்க அந்த நான்கு அங்குல ஒயரில் ஓடுகிறது. அவ்வளவு மெல்லிய ஒயர் 8, 9 மில்லி ஓம் இருக்கும், பாட்டு ஓடாதபோதே துடிப்பின் உச்சம் 2 ஆம்பியர் என்று வைத்துக்கொண்டால் 17, 18 மில்லி வோல்ட். உங்கள் கிரவுண்ட் அந்த அளவுக்குக் குதிக்கிறது. முதலில் பட்டையைத் திருப்பிப் போடுங்கள். சென்டர் டேப் நேராகப் பட்டைக்கு வரட்டும், பட்டையிலிருந்து தனியாகத் தடித்த ஒயர் ஒன்று எடுத்து ஒரே புள்ளியில் ஸ்பீக்கர் கிரவுண்டு, போர்டு கிரவுண்டு எல்லாவற்றையும் சேருங்கள். நிரப்பும் கரண்டு ஓடும் பாதையில் சத்தத்தின் கிரவுண்ட் உட்காரக் கூடாது, வால்வு செட்டிலும் இதே கதைதான்.

தறி வீடு, சோமனூர்:
நேற்று ராத்திரி பட்டையைத் தேய்த்துப் பளபளப்பாக்கி மாட்டினேன், நீங்கள் சொன்ன மாதிரியே கிரவுண்டைப் பிரித்தேன். ஸ்பீக்கர் கூம்பில் காதை ஒட்டி வைத்தால்தான் லேசாக ஏதோ கேட்கிறது. லைன் 248, ரெயில் 47.5. ஸ்பீக்கர் டெர்மினலில் டிசி இடது 12 மில்லி, வலது 18 மில்லி. சித்தப்பா உள்ளே வந்து சத்தமே இல்லாததைப் பார்த்து "ஏங்கண்ணு, செட்டு ஓடுதா இல்லையா?" என்று குனிந்து விளக்கைப் பார்த்தார். ஊசியை வைத்ததும் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார், ஒரு பக்கம் முடியும் வரை எழுந்திருக்கவில்லை. எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க.

ஈரோடு ரேடியோ செட்:
ஸ்பீக்கர் டிசி 50 மில்லிக்குள் இருக்கிறது, நல்ல அளவு. பியூஸைப் பாருங்கள், மேனுவலில் 240-க்கு எத்தனை ஆம்பியர் என்றிருக்கிறதோ அதையே ஸ்லோ-ப்ளோ ரகத்தில் போடுங்கள், கையில் கிடைத்ததைப் போட வேண்டாம். செலக்டர் 240-ல் இருக்கிறது என்று பின்பக்கம் ஒரு சீட்டு எழுதி ஒட்டிவிடுங்கள், பகலில் லைன் இறங்கியிருக்கும்போது யாராவது பார்த்துவிட்டு 220-க்குத் திருப்பிவிடுவார்கள்.