ஒன்றே முக்கால் லட்சம் ரூபாய் மடிக்கணினியில் கேபிள் சொருக இடமில்லை: உங்கள் அனுபவம் என்ன?

மதுரை, காணொளித் தொகுப்பாளர்:

திருமணக் காணொளிகளைத் தொகுத்துக் கொடுப்பது என் தொழில். வீட்டு மாடியறைதான் பணியிடம். ஆவணி பிறந்துவிட்டால் முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் காட்சிகள் வந்து குவியும். ஒரு கல்யாணத்துக்கு மூன்று கேமரா, ஒரு ட்ரோன், எல்லாம் 4கே. முதல் நாள் மாலை வரவேற்பும் சேர்ந்தால் 600 ஜிபிக்குக் குறைவதில்லை. அத்தனையையும் கீழே சாமி அறைக்குப் பக்கத்து அலமாரியில் இருக்கும் நாஸ் பெட்டியில் (வீட்டு நெட்வொர்க் வழியாகக் கோப்புகளைச் சேமிக்கும் கருவி) சேர்த்து வைக்கிறேன். நான்கு ஹார்டு டிஸ்க் போட்ட பெட்டி அது. அங்கிருந்து மாடிவரை சுவருக்குள் குழாய் பதித்துக் கேபிள் இழுத்திருக்கிறேன்.

போன வருடம் பழைய மடிக்கணினி ஓய்ந்துபோனதால், ஒன்றே முக்கால் லட்சம் கொடுத்துப் புதிது வாங்கினேன். மேசையில் வைத்து, வழக்கம்போல் நீலக் கேபிளைக் கையில் எடுத்தபோதுதான் உறைத்தது. இடப்பக்கம் இரண்டு சி வகைத் துளைகள். வலப்பக்கம் இன்னொன்று, அதோடு ஹெட்ஃபோன் துளை. அவ்வளவுதான். திரையைப் பற்றிக் கேட்டேன், செயலியைப் பற்றிக் கேட்டேன், நினைவகம் எவ்வளவு என்று கேட்டேன். ஈதர்நெட் துளை, அதாவது நெட்வொர்க் கேபிளைச் சொருகும் இடம், இருக்கிறதா என்று கேட்கத் தோன்றவேயில்லை. ஏழு வருடம் உழைத்த பழைய மடிக்கணினியிலேயே அது இருந்ததே!

கடையில் போய்ச் சொன்னதும், "இப்போது எல்லாரும் வைஃபைதானே சார்" என்று ஓர் அடாப்டரை எடுத்துக் கொடுத்தார்கள். அதன் வேகம் கிகாபிட்தான்.

கணக்கைப் பாருங்கள். கிகாபிட் என்றால் விநாடிக்கு நூறு கோடி பிட். எட்டால் வகுத்தால் 125 மெகாபைட். வழிச்செலவு போக எனக்குக் கிடைப்பது 112 அளவில் நிற்கிறது. 640 ஜிபி காட்சிகளை ஏற்ற 95 நிமிடம் ஆகிறது. மடிக்கணினிக்குள் இருக்கும் எஸ்எஸ்டி சேமிப்பகம் விநாடிக்கு 3,000 மெகாபைட்டுக்கு மேல் படிக்கும். அலமாரியில் இருக்கும் ஒற்றை ஹார்டு டிஸ்க்கே 200-ஐத் தாண்டும். இரு கரையிலும் அகலச் சாலை போட்டுவிட்டு, நடுவில் ஒற்றை மூங்கிலைப் பாலமாக வைத்ததுபோல் இருக்கிறது. இதே இடத்தில் 2.5 கிகாபிட் இணைப்பு இருந்தால் 280 மெகாபைட் கிடைக்கும், 38 நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். முகூர்த்த நாளின் இரவில் எனக்கு அது ஏறத்தாழ ஒரு மணி நேரத் தூக்கம்.

வைஃபையையும் விட்டுவைக்கவில்லை. ரூட்டருக்கு எதிரில் உட்கார்ந்தால் நன்றாகவே ஓடுகிறது. மாடியறையில், கான்கிரீட் தளத்துக்கு மேலே, வேகம் ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கிறது. பாதிக் கோப்பில் 30 மெகாபைட்டுக்கு விழுந்ததைப் பார்த்திருக்கிறேன்.

இவ்வளவு விலைக்கு விற்கும் வீட்டு மடிக்கணினியில் 2.5 கிகாபிட் துளை ஒன்று கேட்பது பேராசையா? மற்றவர்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

சென்னை, நெட்வொர்க் கேபிள் பணி:

அண்ணா, பேராசை இல்லை. பதினாறு வருடமாக வீடுகளுக்கும் அலுவலகங்களுக்கும் கேபிள் இழுத்துக் கொடுக்கிறேன். போன தை மாதம் ஓர் அடுக்குமாடி வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

வீட்டுக்காரர் ஆசைப்பட்டு ஒவ்வோர் அறைக்கும் கேட் 6 வகை நெட்வொர்க் கேபிள் கேட்டார். ஹாலில் இரண்டு முனை, மூன்று படுக்கையறையிலும் ஒவ்வொன்று, படிப்பறையில் இரண்டு. வேலையை முடித்து, சுவர்த் தகடுகளைப் பூட்டி, "வந்து சோதித்துப் பாருங்கள் ஐயா" என்றேன். வீட்டில் நான்கு மடிக்கணினிகள், நான்கும் விலை உயர்ந்தவை. ஒன்றில்கூடக் கேபிள் சொருக இடமில்லை. என் பையில் இருந்த பழைய கறுப்பு மடிக்கணினியை எடுத்துத்தான் ஏழு முனைகளையும் சோதித்துக் காட்டினேன். அவர் முகம் வாடியதைப் பார்க்க எனக்கே சங்கடமாக இருந்தது.

உங்கள் கேபிளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 2.5 கிகாபிட்டுக்குச் சுவரை மறுபடி உடைக்க வேண்டியதில்லை. 2016-ல் வந்த 802.3பிஇசட் என்னும் ஈதர்நெட் தரமே பழைய கேபிளை வைத்துக்கொண்டு வேகத்தைக் கூட்டுவதற்காக வந்ததுதான். அலுவலகங்களில் வைஃபை கருவிகள் கிகாபிட்டைத் தாண்டத் தொடங்கியபோது, அவற்றுக்குப் போகும் கம்பி போதாமல் போயிற்று. கட்டடம் முழுக்கக் கேபிளை மாற்ற யாரால் முடியும்? அதனால் கேட் 6-க்கு முந்தைய கேட் 5இ வகைக் கேபிளிலேயே 100 மீட்டர்வரை 2.5 ஓடும்படி செய்தார்கள். வைஃபையின் வேகத்துக்கு ஈடுகொடுக்கப் பிறந்த கம்பித் தரம் இது. அதே வைஃபையைக் காரணம் காட்டி மடிக்கணினியிலிருந்து கம்பியையே எடுத்துவிட்டார்கள் என்பது எனக்கு ஆறாத வருத்தம்.

ஆனால் கேபிள் அசல் செம்பாக இருக்க வேண்டும். செம்பு பூசிய அலுமினியக் கம்பியைப் பாதி விலைக்கு விற்கிறார்கள், ஏமாந்துவிடாதீர்கள். நுனியைக் கத்தியால் சுரண்டினால் வெள்ளையாகத் தெரியும்.

இன்னொன்று. கிகாபிட்டுக்கும் அதற்கு மேலும் எட்டுக் கம்பிகளும் உயிரோடு இருக்க வேண்டும். 100 மெகாபிட்டுக்கு நான்கு போதும். கேபிள் நுனியில் பிளக்கைப் பொருத்தும் கிரிம்பிங்கில் ஒரே ஒரு கம்பி சரியாகக் கடிபடாவிட்டால்கூட, பல நேரம் இணைப்பு ஒன்றும் சொல்லாமல் 100-க்கு இறங்கிவிடும். இணையம் வருகிறது என்று வீட்டிலும் இருந்துவிடுவார்கள். இப்படி இரண்டு வருடம் கழித்துக் கண்டுபிடித்த வீடுகள் உண்டு. உங்களுக்கு 112 வருகிறது என்றால் எட்டுக் கம்பியும் நலம்.

சிங்கப்பூர், மென்பொருள் பொறியாளர்:

எங்கள் ஊரில் இந்தக் குறை இன்னும் பெரிதாகத் தெரிகிறது. நாடு முழுவதும் உள்ள கண்ணாடி இழை வலையமைப்பை 10 கிகாபிட்டுக்கு உயர்த்த 100 மில்லியன் வெள்ளிவரை (சிங்கப்பூர் டாலர்) ஒதுக்குவதாக 2024-ல் அரசு அறிவித்தது. வீட்டுக்கு 10 கிகாபிட் திட்டங்கள் இப்போது விற்பனையில் இருக்கின்றன. நானும் மாறிக்கொண்டேன்.

நாங்கள் இருப்பது வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கட்டிய அடுக்குமாடி வீடு. வீட்டின் நடுவே தடித்த கான்கிரீட் சுவரும் இரும்புக் கதவும் கொண்ட குண்டுப் பாதுகாப்பு அறை இருக்கிறது. ரூட்டர் அதற்கு ஒரு பக்கம், என் மேசை மறுபக்கம். அந்தச் சுவரை இஷ்டத்துக்குத் துளைக்கவும் அனுமதி இல்லை. என் மேசையில் வைஃபை வேகம் 400 மெகாபிட்டைத் தாண்டியதில்லை. வாசலுக்கு 10,000 மெகாபிட் வந்து நிற்கிறது, என் விரல் நுனியில் 400!

கூடத்துச் சுவரோரமாக வெள்ளை நிறத் தட்டைக் கேபிளை ஓடவிட்டேன். அம்மாவுக்குக் கால் தடுக்கக் கூடாது என்று கதவு நிலையைச் சுற்றி ஏற்றி இறக்கினேன். மடிக்கணினிக்கு 2.5 கிகாபிட் யுஎஸ்பி அடாப்டர். சொருகிச் சோதித்தபோது 2,350 மெகாபிட் வந்தது. அன்று மாலை மனைவியையும் பிள்ளையையும் கூப்பிட்டு அந்த எண்ணைக் காட்டினேன்.

10 கிகாபிட் அடாப்டரையும் ஒரு நண்பரிடம் கடன் வாங்கிப் பார்த்தேன். தண்டர்போல்ட் என்னும் அதிவேகத் துளையில் சொருகுவது, கைப்பிடி அளவு அலுமினியப் பெட்டி. வேகம் அபாரம். ஆனால் அரை மணி நேரத்தில் தொட முடியாத சூடு. செம்புக் கம்பியில் 10 கிகாபிட் ஓட்டும் சில்லுக்குக் கூடுதல் மின்சாரம் வேண்டும். அதை மெல்லிய மடிக்கணினிக்குள் வை என்று கேட்பது நியாயமில்லை. 2.5 அப்படியல்ல. குறைந்த விலை மேசைக்கணினி மதர்போர்டுகளிலேயே அது இப்போது சாதாரணமாக வருகிறது.

வரலாற்றையும் நினைத்துப் பாருங்கள். 1999-ல் செம்புக் கம்பிக்கான கிகாபிட் தரம் வந்தது. 2001-லேயே ஆப்பிளின் பவர்புக் ஜி4 மடிக்கணினியில் கிகாபிட் துளை இருந்தது. அதே நிறுவனத்தின் மேக்புக் ஏர் 2008-ல் ஈதர்நெட் துளையே இல்லாமல் வந்தது, மற்றவர்களும் பின்தொடர்ந்தார்கள். கால் நூற்றாண்டில் செயலியும் திரையும் சேமிப்பும் எங்கேயோ போய்விட்டன. கம்பி மட்டும் நின்ற இடத்தில் நிற்கிறது, அல்லது காணாமல் போய்விட்டது.

கோவை, கதிரியக்க மருத்துவர்:

நான் கேட்பது வேகம்கூட இல்லை. இரவுப் பணியில் வீட்டிலிருந்தே சிடி ஸ்கேன் படங்களைப் பார்த்து அறிக்கை கொடுக்கிறேன். ஒரு துண்டுப் படம் அரை மெகாபைட் இருக்கும். ஒருவருக்கு ஆயிரம் துண்டுகள் எடுத்தால் 500 மெகாபைட். என் வீட்டு இணைய வேகத்துக்குக் கிகாபிட் தாராளமாகப் போதும். எனக்கு வேண்டியது, வைத்த இடத்தில் இருக்கும் இணைப்பு.

ஒரு நாள் இரவு இரண்டே கால் மணி. பக்கவாத நோயாளி என்று அழைப்பு வந்தது. உறக்க நிலையில் இருந்த மடிக்கணினியைத் திறந்தேன். யுஎஸ்பி அடாப்டரின் விளக்கு எரியவில்லை. மடிக்கணினி அதை அடையாளமே காணவில்லை. பிடுங்கிச் சொருகினேன், மறுபக்கத் துளைக்கு மாற்றினேன், பிறகுதான் விழித்துக்கொண்டது. மூன்று நிமிடம் போயிருக்கும். மூளைக்கு ரத்தம் போகாமல் ஒருவர் படுத்திருக்கும்போது மூன்று நிமிடம் என்பது என்ன என்று எனக்குத் தெரியும். அன்று வைஃபையிலேயே படங்களை இறக்கியிருக்கலாம். பதற்றத்தில் கை அந்தக் கம்பியையே சரிசெய்யப் போயிற்று.

இன்னொரு தொல்லை, மருத்துவமனை நெட்வொர்க்கில் நுழைய என் அடாப்டரின் முகவரியைத்தான் (அந்தக் கருவிக்கே உரிய அடையாள எண்) பதிந்திருக்கிறார்கள். அது கெட்டுப்போனால் புதியதைப் பதியும்வரை நான் வெளியாள். துளை மடிக்கணினியோடு சேர்ந்தே இருந்தால் இந்தக் கவலை இல்லை. இப்போது கொஞ்சம் தடிமனான அலுவலக மாடல் ஒன்றுக்கு மாறிவிட்டேன். கிகாபிட் துளைதான், ஆனால் உள்ளேயே இருக்கிறது. அன்றிலிருந்து நிம்மதி.

திருநெல்வேலி, கல்லூரி ஆசிரியை:

எல்லாருடைய சிரமமும் புரிகிறது. ஆனாலும் என் பக்கத்தையும் பாருங்கள். தினமும் இரண்டு பஸ் மாறிக் கல்லூரிக்குப் போகிறேன். தோளில் விடைத்தாள் கட்டு, சாப்பாட்டுப் பை, மடிக்கணினி. பழையது இரண்டரை கிலோ, இப்போது இருப்பது 1.2 கிலோ. தோள் வலிக்கு மருந்து நிறுத்தியே ஒரு வருடம் ஆகிறது. உங்கள் துளைக்காக என் மடிக்கணினி மறுபடி தடித்துவிடக் கூடாது. என் வேலைக்கு வைஃபை போதும்.

மதுரை, காணொளித் தொகுப்பாளர்:

டீச்சர், உங்கள் தோள் வலியைக் கூட்டும் எதையும் நான் கேட்க மாட்டேன். ஆனால் துளைக்காகத் தடிக்க வேண்டியதில்லை. என் பழைய மடிக்கணினியில் அந்தத் துளைக்குக் கீழ்த்தாடை ஒன்று உண்டு. நகத்தால் லேசாக இழுத்தால் வில்லோடு கீழே இறங்கி வாய் திறக்கும். கேபிளை உள்ளே தள்ளினால் "டிக்" என்று பூட்டிக்கொள்ளும். எடுத்துவிட்டால் மூடிக்கொண்டு விளிம்போடு விளிம்பாகப் படிந்துவிடும். ஏழு வருடத்தில் ஆயிரம் தடவையாவது திறந்திருப்பேன், அந்த வில் தளரவில்லை. கேபிள் நுனியின் பிளாஸ்டிக் நாக்குதான் மூன்று முறை ஒடிந்தது.

மடிக்கணினிக்குள் இடமே இல்லை என்றால் மின்னூட்டியில் வையுங்கள். 2021-ல் வந்த ஆப்பிளின் 24 அங்குல ஐமேக் மேசைக்கணினியில், மின்னூட்டிப் பெட்டியிலேயே ஈதர்நெட் துளை கிடைத்தது. மின்சாரமும் தரவும் ஒரே கம்பியில் கணினிக்குப் போயின. மடிக்கணினியின் சி வகைக் கம்பியாலும் இரண்டையும் சுமக்க முடியும். டீச்சருக்குக் கூடுதல் சுமை கிடையாது, எனக்கு வீட்டில் கேபிள் கிடைக்கும்.

சிங்கப்பூர்த் தம்பி சொன்னபடி 2.5 கிகாபிட் அடாப்டர் ஒன்றும், அதே வேகத்தில் ஓடும், நெட்வொர்க் கேபிள்களை இணைக்கும் சிறிய ஸ்விட்ச் ஒன்றும் வாங்கினேன். நல்லவேளையாக நாஸ் பெட்டியில் 2.5 துளை முன்பே இருந்தது. சுவருக்குள் இருந்த கேட் 5இ கேபிளைத் தொடவில்லை. முதல் கல்யாணத்தை ஏற்றும்போது எண் 112-லிருந்து 283-க்குப் போய் அசையாமல் நின்றது. கேபிள் வேலை செய்யும் தம்பிக்கு என் நன்றி.

ஆனால் முழு நிம்மதி இல்லை. சி வகைத் துளைகள் மூன்று. ஒன்று மின்சாரத்துக்கு, ஒன்று வெளித் திரைக்கு. மிச்சமிருக்கும் ஒன்றில், ஒரு துளையைப் பலவாக்கும் ஹப் போட்டு, அதில் அடாப்டரையும் கேமரா கார்டு படிப்பானையும் சேர்த்துச் சொருகுகிறேன். இரண்டும் ஒரே நேரத்தில் ஓடினால் ஹப்பின் 5 கிகாபிட் பாதையைப் பங்குபோட்டுக்கொள்கின்றன, இரண்டுமே தளர்கின்றன. அதனால் கார்டை முதலில் மடிக்கணினிக்குள் இறக்கி, பிறகு அடாப்டரில் ஏற்றுகிறேன். அடாப்டர் சூடாகிறது என்று அதன் அடியில் ஒரு எவர்சில்வர் தட்டு வைத்திருக்கிறேன்.

இணைய விளையாட்டுக்கென்று வரும் மடிக்கணினிகளில் 2.5 துளை பல மாடல்களில் இருப்பதைப் பார்த்தேன். என் தம்பி மகனிடம் ஒன்று இருக்கிறது. நேற்று அதைக் கேட்டு வாங்கி, நீலக் கேபிளை நேரே சொருகி, பழைய கல்யாணக் காட்சிகளை இறக்கிப் பார்த்தேன். இடையில் ஹப் இல்லை, அடாப்டர் இல்லை, தட்டும் இல்லை. கனம்தான், என் மடிக்கணினியைப் போல் ஒன்றரை மடங்கு. ஆனால் நான் அதை எங்கும் தூக்கிக்கொண்டு போகப்போவதில்லை. அடுத்த முறை கடைக்குப் போகும்போது அந்த நீலக் கேபிளைப் பையில் போட்டுக்கொண்டு போய், சொருகிப் பார்த்துவிட்டுத்தான் விலை கேட்கப்போகிறேன்.