நியூயார்க் ஆற்றல் தணிக்கை: அனுபவம் உள்ளவர்களின் ஆலோசனை தேவை

வணக்கம். குவீன்ஸில் நாங்கள் வசிக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பின் நிர்வாகக் குழுவில் அண்மையில்தான் சேர்ந்தேன். 50,000 சதுர அடிக்கு மேற்பட்ட கட்டடங்கள் பத்தாண்டுக்கு ஒருமுறை ஆற்றல் தணிக்கை (மின்சாரமும் எரிபொருளும் எங்கே வீணாகின்றன என்ற ஆய்வு) செய்து, கொதிகலன், விளக்கு, காற்றோட்டம் முதலிய பொது அமைப்புகளைச் சீராக்கி, நகர நிர்வாகத்திடம் அறிக்கை அளிக்க வேண்டும் என்கிறது 2009ஆம் ஆண்டின் உள்ளூர்ச் சட்டம் 87. வரிப் பிளாக் எண்ணின் (சொத்து வரிக்காக நகரம் மனைத் தொகுதிக்குத் தரும் எண்) கடைசி இலக்கத்தில் முடியும் ஆண்டில் அறிக்கை தர வேண்டும்; எங்கள் எண் 7இல் முடிவதால் 2027 டிசம்பர் 31 எங்களுக்குக் கெடு. தவறினால் முதல் ஆண்டுக்கே 3,000 டாலர் அபராதம். (அபராதத்தைவிட, எங்கள் பழைய நீராவிக் கொதிகலனில் தணிக்கையாளர் எதையெல்லாம் கண்டுபிடிப்பாரோ என்பதே என் கவலை.) தணிக்கையையும் சீராக்கும் பணியையும் ஒரே நிறுவனத்திடம் ஒப்படைப்பது நல்லதா, பிரித்துக் கொடுப்பதா? வீடுகளுக்குள்ளும் வந்து பார்த்தார்களா? இதைச் செய்து முடித்தவர்கள் கட்டண விவரத்துடன் எழுதினால், அடுத்த குழுக் கூட்டத்தில் முடிவெடுக்கப் பெரிதும் உதவும்.