மணலுக்கு மேலே இரண்டு கண் மட்டும்: அரேபிய மண்ணுளியைப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

ஓமனில் பிதியா பக்கம் ஒரு பாலைவன முகாமில் மூன்று வருடம் சமையல் வேலை பார்த்தேன். ஒரு ராத்திரி பாத்திரம் கழுவிய தண்ணீரைக் கொட்டப் போனால், டார்ச் வெளிச்சத்தில் மணல்மேல் கடுகு மாதிரி இரண்டு புள்ளிகள். ஏதோ விதை என்று குனிந்தேன், கண்! உடம்பு முழுக்க உள்ளே, கண் மட்டும் வெளியே, அதுவும் பக்கவாட்டில் இல்லாமல் மண்டை உச்சியில், தவளைக்கு இருக்குமே அப்படி. விரியன்தான் என்று முடிவுகட்டி மண்வெட்டியைத் தூக்கிவிட்டேன். கூட வேலை பார்த்த பெது (பாலைவன நாடோடி இனம்) டிரைவர் ஓடிவந்து தடுத்து, "தஸ்ஸாஸ், தஸ்ஸாஸ்" (மண்ணுளிக்கு அங்கே அரபுப் பேர்) என்று சொல்லிக்கொண்டே மணலோடு அள்ளிக் காட்டினார். ஒரு முழம்கூட இல்லை, மஞ்சளில் பழுப்புப் பட்டை, மொட்டை வால், கடிக்கவும் இல்லை. கீழே விட்டதும் மூக்கை மணலில் குத்தி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே மறைந்துவிட்டது. இதன் சொந்தக்காரனான நம் ஊர் மண்ணுளிக்குத்தான் லட்சம், கோடி என்று விலை சொல்லி ஏமாற்றுகிறார்கள் என்றேன், அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

அண்ணே, அந்த டிரைவருக்குத் தெரியும், அள்ளினார். நாம் அள்ளக் கூடாது. கொம்பு விரியனும் அதே மணலில் இதே மாதிரி புதைந்துதான் கிடக்கும், சிலதுக்குக் கொம்பே இருக்காது. அமீரகத்தில் அல் ஐனுக்கு வெளியே சைட்டில் இருந்தபோது நான் காலையில் தடத்தைப் பார்த்துத்தான் கால் வைப்பேன். விரியன் போயிருந்தால் சாய்வான கோடுகள் தனித்தனியாக, ஏணிப்படி போலக் கிடக்கும். மண்ணுளி போன தடம் விட்டுப்போகாமல் ஒரே நெளிவாக ஓடி, திடீரென்று நின்றுவிடும். நின்ற இடத்தில் தோண்டிப் பார்க்கச் சொன்னார்கள், நான் மாட்டேன் என்றுவிட்டேன்.

இதன் அறிவியல் பேரை யாரும் சொல்லவில்லையே, எரிக்ஸ் ஜயகரி. மஸ்கட்டில் மருத்துவராக இருந்த ஜயகர் என்ற நம் நாட்டுக்காரர் நினைவாக 1888இல் பூலெஞ்சர் என்ற விலங்கியலாளர் வைத்தது. அந்த ஊர் மலைகளில் திரியும் தார் என்ற காட்டாட்டுக்கும் இவர் பெயர்தான். நம் ஊர் மண்ணுளி குட்டி போடும், இது முட்டையிடும். சரி, நான் பார்த்த கதை சின்னதுதான். மணற்பல்லி ஒன்று ஓடி வந்தது, மணல் அசைந்தது, பல்லியைக் கவ்வி உள்ளே இழுத்துக்கொண்டது. போனில் கேமராவைத் திறப்பதற்குள் வெறும் மணல்.