பொம்மைக்குக் கண் எழுதும் ஆட்களை ஆண்டு முழுக்க எப்படி வைத்துக்கொள்வது?

கேள்வி (கொசப்பேட்டை):
எங்களுடையது களிமண் கொலு பொம்மைப் பட்டறை. ஆடி முதல் நவராத்திரி வரை தலைக்கு மேல் வேலை. அப்புறம் ஆட்கள் டெலிவரி வேலைக்குப் போய்விடுகிறார்கள். கண் எழுதும் அக்காவுக்கு ஈடே இல்லை. மூச்சை அடக்கி ஒரே இழுப்பில் இமையை முடித்துவிடுவார். அவரும் போய்விடுவாரோ என்று பயமாக இருக்கிறது. புது டிசைனுக்கும் வழி சொல்லுங்கள்.

பதில் (தண்டையார்பேட்டை):
தம்பி, பொம்மைக்கு இவ்வளவு என்ற கூலியை மட்டும் நம்பி யாரும் நிற்க மாட்டார்கள். சீசன் இல்லாத மாதங்களுக்கும் ஒரு தொகையை நிச்சயம் பண்ணுங்கள். அப்போது சுடுமண் விளக்கு, நகை செய்யலாம். டிசைனை அந்த அக்காவிடமே கேளுங்கள். எங்கள் கூடைப் பட்டறையில் லேப்டாப் பை யோசனை, முடைகிற பெண்ணிடமிருந்துதான் வந்தது. அதன் விற்பனையில் அவருக்குப் பங்கு கொடுக்கிறோம். கொடுக்கத்தான் வேண்டும்.

பதில் (பெரம்பூர்):
முதலுக்குத் தமிழக அரசின் கலைஞர் கைவினைத் திட்டத்தைப் பாருங்கள் அண்ணா. 3 லட்சம் ரூபாய் வரை கடன், 25 சதவீத மானியம். மானியம் 50,000 ரூபாயைத் தாண்டாது. 35 வயது ஆகியிருக்க வேண்டும். மாவட்டத் தொழில் மையத்தில் விசாரியுங்கள்.