பாளத்திலிருந்து எடுத்த உறுப்புக்கு என்ன சொல்?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

பாலிடெக்னிக் மாணவர்களுக்கான வாகனப் பழுதுநீக்கக் கையேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். பிஎம்டபிள்யூவின் என்52, என்54 எஞ்சின்களில் சிலிண்டர் ஹெட்டின் (எஞ்சினின் மேல்மூடிப் பகுதி) முன்புறம் குளிர்நீர்க் குழாயை இணைக்கும் நெகிழி உறுப்பு ஒன்று உண்டு. இரண்டு காது வைத்தாற்போல் இருப்பதால் மெக்கானிக்குகள் அதற்கு 'மிக்கி மவுஸ்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். கண்ணாடியிழை சேர்த்த நைலானால் ஆனது. கிளைக்கால் (glycol) என்ற குளிர்விப்புத் திரவம் கலந்த நீர் 100 பாகையைத் தாண்டிய சூட்டில், அழுத்தத்தோடு, ஆண்டுக்கணக்கில் ஓடும்போது நைலானின் மூலக்கூற்றுச் சங்கிலிகள் அறுபட்டு, கடைசியில் கழற்றப் போனால் ரஸ்க்கைப் போல விரலிலேயே நொறுங்குகிறது. இதற்கு ஈடாக அலுமினியப் பாளத்தை எந்திரத்தில் வெட்டிச் செய்த உறுப்பு கிடைக்கிறது. 'மாற்று உறுப்பு' என்றால் அதே நெகிழியில் புதிது வாங்குவதும் அதில் அடங்கிவிடும். 'கடைசல் உறுப்பு' எனலாமா?

*

ஐயா, கூடாது. பொருள் சுழல, உளி நின்று சீவினால்தான் கடைசல். அம்பாசமுத்திரத்து மரச்சொப்பு கடைசல். உங்கள் உறுப்போ உருண்டை வடிவினதன்று. அதில் பொருள் நிற்க, வெட்டும் கருவியே சுழல்கிறது. ஒரே பாளத்திலிருந்து வேண்டாததை நீக்கி எடுப்பதால், பாறையைக் குடைந்தெடுக்கும் குடைவரைக் கோயிலை ஒட்டிக் 'குடைவுறுப்பு' என்று ஆள்வதே தகும். 'உலோகம்' வடசொல்லாதலால் 'மாழைக் குடைவுறுப்பு' என்க. நெகிழியையும் 'ஞெகிழி' என்று எழுதப் பழகுவோம்.

*

குடைவரையை அம்மையார் சான்றுக்கு அழைத்ததால் ஒன்று கேட்கிறேன். செங்கல், மரம், உலோகம், சுதை எதுவுமின்றிக் கோயில் எடுத்தேன் என்று மண்டகப்பட்டுக் குடைவரையில் பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் பெருமைப்பட்டுக்கொண்ட கல்வெட்டை மறந்துவிட்டீர்களா? உலோகமே இல்லை என்று மார்தட்டிய மரபிலிருந்தா உலோக உறுப்புக்குப் பெயர் எடுப்பது? அந்தக் கல்வெட்டும் வடமொழியில்தான் இருக்கிறது. ஞெகிழிக்கோ 'கொள்ளிக்கட்டை' என்பது பழம்பொருள். எஞ்சின் சூட்டில் வெந்து கிடக்கும் உறுப்புக்கு அது பொருத்தமான பெயர் என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

*

நான் பட்டறைக்காரன், இலக்கணம் அவ்வளவாகத் தெரியாது. லேத்துப் பட்டறை, அதாவது கடைசல் பட்டறை, என்று பலகை மாட்டிய இடத்தில்தான் கருவி சுழன்று வெட்டும் மில்லிங் எந்திரமும் ஓடுகிறது. சொற்கள் தொழிலோடு சேர்ந்து விரியும். 'மாழை' என்று அச்சிட்டால் மாணவன் அதை 'மாலை'க்கு அச்சுப்பிழை என்று நினைப்பான். தனிமடலில் ஒருவர் 'நிலைப்புறுப்பு' என்று எழுதியிருந்தார். அது பொய்யான உறுதிமொழி ஆகிவிடும். அலுமினியம் போட்டாலும் உள்ளே கசிவைத் தடுக்கும் ஓ ரிங் வளையம் ரப்பர்தான், ரேடியேட்டரின் பக்கத் தொட்டிகளும் நைலான்தான். ஒன்றை மாற்றினால் அடுத்து நலிந்தது எதுவோ அங்கே கசியத் தொடங்கும். பெயரில் பொருளும் செய்முறையும் தெரிந்தால் போதும். 'கடைசல்' இருக்கட்டும்.

*

'பாளக்கடைசல்' என்று இரண்டையும் சேர்த்தால் வார்ப்பிலிருந்தும் பிரித்துக் காட்டலாமே? அச்சில் வார்த்த அலுமினிய உறுப்புகளும் கடையில் இருக்கின்றன. மாணவர்கள் அவற்றையும் இதையும் ஒன்றென்று கொள்ளக்கூடாது.

*

கருத்துரைத்த அனைவருக்கும் நன்றி. கடைசலுக்கு மூவர், குடைவுக்கு ஒருவர், மற்றவர்கள் வாய்திறக்கவில்லை. வார்ப்பைப் பற்றிய எச்சரிக்கை சரியானது என்பதால், முதல் முறை வருமிடத்தில் 'அலுமினியப் பாளக்கடைசல் உறுப்பு' என்றும், பிறகு வெறும் 'கடைசல் உறுப்பு' என்றும் எழுதிக் கொடுத்துவிட்டேன். நெகிழி நெகிழியாகவே இருக்கிறது.

*

அச்சேறினாலும் சுழலாத பொருள் கடைசலாகாது. மறுபதிப்பின்போது மீண்டும் எழுதுவேன்.