ரோந்துக் கப்பல் டாக்கில் ஏறியபின் வேலை ஏன் பெருகுகிறது? சீ வால்வ் கையெழுத்து பற்றியும் ஒரு சந்தேகம்

எண்ணூர்க்காரன் (கேள்வி):

எல்லாருக்கும் வணக்கம். மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்துவிட்டு, கப்பல் பழுதுவேலை எடுத்துச் செய்யும் ஒரு கான்ட்ராக்டரிடம் சேர்ந்து ஏழு மாதம் ஆகிறது. இப்போது கையில் இருப்பது ஒரு ரோந்துக் கப்பல். டாக்கில் (கப்பலை உள்ளே விட்டு, தண்ணீரை இறைத்துவிட்டுப் பழுதுபார்க்கும் துறை) 45 நாள் என்று திட்டம். 12 நாள்தான் ஓடியிருக்கிறது. அதற்குள் அடிப்பகுதித் தகட்டில் 11 இடத்தில் தடிமன் குறைவு, மாலுமிகள் குளியலறைக்குக் கீழே தளம் அரித்துப்போயிருக்கிறது, ஒரு ஷாஃப்ட் பேரிங்கும் மாற்ற வேண்டுமாம். இதெல்லாம் கப்பல் வருவதற்கு முன்னாலேயே தெரியாதா? எல்லா ரோந்துக் கப்பலும் இப்படித்தானா?

இன்னொன்று. சீ வால்வுகளின் (கப்பலுக்குள் கடல்நீர் வந்துபோகும் குழாய்களை மூடித் திறப்பவை) பதிவேடு என் பொறுப்பில் இருக்கிறது. மொத்தம் 26. எல்லாவற்றுக்கும் ‘திறந்து, லேப்பிங் செய்து (மூடும் பரப்புகளைத் தேய்த்துப் பொருத்தி), மாட்டியாயிற்று’ என்று எழுதிய தாளை ஃபோர்மேன் கொடுத்திருக்கிறார். நான் கண்ணால் பார்த்தது 9 தான். மற்றதெல்லாம் நைட் ஷிஃப்டில் முடிந்தது என்கிறார். வயதில் பெரியவர், எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர். கையெழுத்துப் போடுவதா, வேண்டாமா?

தூரிகை:

வால்வு பற்றி அனுபவப்பட்டவர்கள் சொல்லட்டும். நான் பெயிண்ட் இன்ஸ்பெக்‌ஷன் ஆள், என் பங்குக்கு ஒன்று. தகடு மாற்றும் பட்டியல் முழுதாக முடிவாகும்வரை வெளிப்பக்கம் பெயிண்ட் தொடங்க விடாதீர்கள். ரோந்துக் கப்பலின் தகடு மெல்லியது. உள்ளே ஒரு சின்ன பிராக்கெட்டை வெல்டிங் செய்தாலும் வெளியே புதிதாக அடித்த கோட் கருகிவிடும்.

நாள் போய்விட்டதே என்று சாயங்காலம் அவசரமாக அடிக்கவும் கூடாது. தகட்டின் சூடு பனிநிலையைவிட (காற்றின் ஈரம் நீர்த்துளியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) 3 டிகிரியாவது மேலே இருக்க வேண்டும், காற்றின் ஈரப்பதம் 85 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. கடலோரத்தில் மழைக்காலச் சாயங்காலங்களில் இந்த இரண்டும் சேர்ந்து கிடைப்பது அபூர்வம். ஈரத் தகட்டில் அடித்தது சீக்கிரமே கொப்பளித்து உரியும்.

பழைய ஆர்ட்டிபிசர்:

தம்பி, முதலில் கையெழுத்து. போடாதே.

நான் கடற்படையில் எஞ்சின் அறை ஆர்ட்டிபிசராக (தொழில்நுட்ப மாலுமி) இருந்து ஓய்வு பெற்றவன். லோனாவாலாவில் ஐஎன்எஸ் சிவாஜியில் படித்தேன். பிறகு சுகன்யா வகை ரோந்துக் கப்பல்களில் பல வருஷம். அந்த வகையில் மூன்றைக் கொரியாவில் கட்டினார்கள், நான்கை விசாகப்பட்டினத்தில். 101 மீட்டர் நீளம், இரண்டு டீசல் எஞ்சின், 21 நாட் (மணிக்கு 21 கடல்மைல்) வேகம். 1989-இல் முதல் கப்பல் சேவைக்கு வந்தது. முப்பது வருஷம் தாண்டியும் ஓடியது. சரயு என்ற கப்பல் 2000-இல் இலங்கைக் கடற்படைக்குப் போய் ‘சயூர’ ஆனது. நல்ல ரீஃபிட் (முழுப் பழுதுபார்ப்பு) கிடைத்தால் ஒரு கப்பல் எவ்வளவு காலம் உழைக்கும் என்பதைக் கண்ணால் பார்த்ததால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

ஓய்வுக்குப் பிறகு ஒரு தனியார் யார்டில் மேற்பார்வைக்குப் போயிருந்தேன். பேர் வேண்டாம். வேலை முடிந்து டாக்கில் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்கள். சீ வால்வுகள் மூழ்கியதும், கப்பல் தன்னைத் தாங்கி நிற்கும் கட்டையை விட்டு எழும்புவதற்கு முன்னால் தண்ணீரை நிறுத்துவார்கள். ஒவ்வொரு வால்வுக்குப் பக்கத்திலும் ஓர் ஆள் டார்ச்சோடு குனிந்திருப்பான். துணை எஞ்சினுக்குக் கடல்நீர் எடுக்கும் வால்வு ஒன்று, தரைத்தகட்டுக்குக் கீழே, தோளைத் தரையில் அழுத்திப் படுத்தால்தான் கை எட்டும் இடத்தில். அதை இறுக்கி மூடித்தான் வைத்திருந்தோம். அதற்கு அடுத்த குழாய் இன்னும் மாட்டப்படவில்லை. அந்த வாயிலிருந்து விரல் தடிமனுக்குத் தண்ணீர் ஓடிவந்தது.

பதிவேட்டில் அந்த வால்வு ‘சரி’. டார்ச்சைக் கிட்டே கொண்டுபோனேன். மூடியின் நட்டுகள் மேல் பழைய சாம்பல் நிறப் பெயிண்ட் அப்படியே இருந்தது. நட்டிலிருந்து மூடிக்கு இறங்கும் இடத்தில் தலைமுடி அளவுக் கீறல்கூட இல்லை. ஸ்பேனர் பட்டிருந்தால் அந்த இடத்தில்தான் பெயிண்ட் முதலில் அறுந்திருக்கும். அதை யாரும் திறக்கவே இல்லை. டாக்கை மறுபடி இறைத்து, வால்வைக் கழற்றி, சீட்டை (வால்வின் டிஸ்க், அதாவது மூடும் தட்டு, உட்காரும் வளையம்) சரிசெய்ய இரண்டு நாள் போயிற்று. அது டாக்கில் தெரிந்தது எங்கள் அதிர்ஷ்டம். கடலில் ஒரு குழாய் வெடித்து, ஒரு பையன் ஓடிப்போய் அந்த வால்வை மூடியிருந்தால், மூடியும் தண்ணீர் நின்றிருக்காது. அந்த நினைப்பு எனக்கு இன்றுவரை போகவில்லை.

அதனால் நீ செய்ய வேண்டியது இதுதான். டார்ச்சும் துணியும் எடுத்துக்கொண்டு மீதி 17 வால்வையும் நீயே பார். நட்டு ஓரத்தில் பெயிண்ட் அறுந்திருக்கிறதா, மூடி இடுக்கில் புது கேஸ்கெட்டின் விளிம்பு தெரிகிறதா என்று கவனி. சந்தேகம் வந்ததைத் திறக்கச் சொல். சீட்டில் புளூ (நீலச் சாயப் பசை) தடவி, டிஸ்க்கை வைத்துத் திருப்பி எடுத்தால் நீல வட்டம் எங்கும் அறுபடாமல் வர வேண்டும். ஃபோர்மேனிடம் சண்டை வேண்டாம். “அண்ணே, ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட்டுப் போடுகிறேன்” என்று சொல். வேலை தெரிந்தவர் இதற்குக் கோபப்பட மாட்டார்.

சரி, இப்போது உன் முதல் கேள்வி. வேலை பெருகுவது உங்கள் கப்பலில் மட்டும் இல்லை. சரக்குக் கப்பலில் அடித்தகடு 15, 20 மில்லிமீட்டர் இருக்கும். ரோந்துக் கப்பலில் பெரும்பாலும் 6 முதல் 8 தான். 7 மில்லி தகட்டில் 1.75 மில்லி போனாலே கால்வாசி போய்விட்டது. அதுவும் கொட்டலசு ஒட்டும் வெளிப்பக்கத்தைவிட உள்பக்கம்தான் மோசம். குளியலறை, சமையலறை, ஏசி தண்ணீர் சொட்டும் மூலை, சங்கிலி அறை, எஞ்சினுக்குக் கீழே பில்ஜ் (கசிவு நீர் தேங்கும் அடிக்குழி). மேலே டைல்ஸும் இன்சுலேஷனும் மூடியிருக்கும், டாங்க்கில் எண்ணெய் நிற்கும். கப்பல் ஓட்டத்தில் இருக்கும்போது அதையெல்லாம் யாரும் கழற்றிப் பார்க்க முடியாது. கேஜ் (தகட்டின் தடிமன் அளக்கும் கருவி) வைப்பதற்கு முன் சுத்தியலால் மெல்லத் தட்டிக் கேள். நல்ல தகடு ‘ணங்’ என்னும். துரு தின்றது ‘தொப்’ என்று அடங்கிவிடும். காது பழகிவிட்டால் எங்கே கேஜ் வைப்பது என்று உனக்கே தெரியும்.

எஞ்சினும் அப்படித்தான். 20 நாட்டுக்குமேல் ஓட வைத்த எஞ்சினை ரோந்தில் நாள்கணக்காக 8, 10 நாட்டில் இழுப்பார்கள். சுமை குறைந்தால் உள்ளே சூடு போதாது. எரிபொருள் முழுதாக எரியாமல் கரி படியும், லைனரின் (பிஸ்டன் ஓடும் உருளை) உள்சுவர் கண்ணாடிபோல வழுவழுப்பாகும், எண்ணெய் குடிக்கத் தொடங்கும். ஓடிய மணிநேரத்தை மட்டும் பார்த்துப் போட்ட பட்டியலில் இது வராது. ஹெட்டை (எஞ்சின் உருளையின் மேல்மூடி) தூக்கினால்தான் தெரியும். அதனால் கப்பல் ஊழியர்கள் தரும் டிஃபெக்ட் லிஸ்டை மட்டும் நம்பாமல், டாக்கில் ஏறிய முதல் வாரத்திலேயே திறக்க வேண்டியதையெல்லாம் திறந்துவிட வேண்டும். 12-ஆம் நாளே உங்களுக்குத் தெரிந்துவிட்டது நல்லதுதான். இதுவே 40-ஆம் நாள் தெரிந்திருந்தால்தான் மேனேஜர் கத்த வேண்டும்.

எண்ணூர்க்காரன்:

மிக்க நன்றி சார். நேற்று ராத்திரி 17-ஐயும் பார்த்துவிட்டேன். 14-இல் பெயிண்ட் அறுந்திருந்தது, கேஸ்கெட்டும் புதிது. 3-இல் நீங்கள் சொன்ன மாதிரியே பெயிண்ட் அப்படியே இருந்தது. ஃபோர்மேனிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தவர், நைட் ஷிஃப்ட் ஆட்களைக் கூப்பிட்டு தன் எதிரிலேயே திறக்கச் சொன்னார். ஒன்றின் சீட்டில் கடுகு கடுகாகக் குழிகள். தாளைக் கிழித்துவிட்டு அவரே புதிதாக எழுதினார். தண்ணீர் விடும் நாளில் வேறு என்ன பார்க்க வேண்டும்?

பழைய ஆர்ட்டிபிசர்:

ரொம்ப சந்தோஷம் தம்பி. உங்கள் ஃபோர்மேனை விட்டுவிடாதே, அவரிடம் இன்னும் நிறையக் கற்றுக்கொள்ளலாம்.

அடுத்தது எடைக் கணக்கு. கப்பலிலிருந்து இறக்கியது, புதிதாக ஏற்றியது, எந்த டாங்க்கில் எவ்வளவு என்று நாள்தோறும் எழுதி, டாக் மாஸ்டரிடம் கொடுத்துவிட வேண்டும். ஒரு முனை மிதக்கத் தொடங்கியும் மறுமுனை கட்டையில் உட்கார்ந்திருக்கும் அந்தச் சில நிமிடம்தான் கப்பலின் சமநிலை மிகக் குறைவாக இருக்கும். 2016 டிசம்பரில் மும்பையில் ஐஎன்எஸ் பெத்வாவை டாக்கில் மிதக்கவிடும்போது அது பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தது. இரண்டு மாலுமிகள் இறந்தார்கள். அது ரோந்துக் கப்பல் இல்லை, ஃபிரிகேட். ஆனாலும் டாக்கில் நிற்கும் எந்தக் கப்பலுக்கும் அந்தச் சில நிமிடம் உண்டு.

தண்ணீர் விடும் அன்றைக்கு, அந்தக் குழி விழுந்த வால்வுக்கு வேறு ஆளைப் போடச் சொல்லாதே. டார்ச்சோடு நீயே போய் உட்கார். தண்ணீர் மூழ்கடித்து அரை மணி நேரம் கழித்து, காய்ந்த துணியால் மூடியைச் சுற்றித் துடைத்துப் பார்த்துவிட்டு எழுது.