‘சிம்ப்சன்ஸ்’ பேய்வீட்டுக் கதை பாதியில் நின்றுவிடுகிறது

‘தி சிம்ப்சன்ஸ்’ என்ற அமெரிக்க கார்ட்டூன் தொடரின் இரண்டாம் சீசன் டிவிடியில், 1990 அக்டோபர் 25 அன்று ஒளிபரப்பான முதல் ஹாலோவீன் அத்தியாயம் பத்து நாட்களாக முழுதாக ஓடவில்லை. ‘போல்டர்கைஸ்ட்’ போன்ற பேய்வீட்டுப் படங்களைப் பகடி செய்யும் முதல் கதையில்தான் சிக்கல். சுவர்களில் இரத்தம் வழியும் இடத்தில் படம் கட்டம் கட்டமாகச் சிதறி உறைந்துவிடுகிறது. ஒலி மட்டும் சில நொடிகள் தொடர்கிறது. சிம்ப்சன் குடும்பத்தோடு வாழ்வதைவிட அழிவதே மேல் என்று வீடு தன்னையே அழித்துக்கொள்ளும் முடிவை என் மகளுக்குக் காட்டியே ஆக வேண்டும். அதைவிட நல்ல பேய்வீட்டு முடிவை நான் பார்த்ததில்லை.

மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கித் துடைத்தேன். வேறு பிளேயரிலும் கணினியிலும் போட்டேன். அதே இடம், அதே தடை. மற்ற அத்தியாயங்கள் ஒழுங்காக ஓடுகின்றன. தட்டின் அடிப்பக்கத்தில் வளைவாக ஒரு கீறல் தெரிகிறது.

இதை வீட்டிலேயே மெருகேற்றிச் சரிசெய்ய முடியுமா?